சக்கர நாற்காலியில் இருந்தபடி சமைக்க: மாடுலர் கிச்சனை மாற்றுவது பற்றி வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் மாடுலர் கிச்சன் வேலை செய்கிறேன். மாடிப்படியில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட என் அக்காவுக்காக ஒரு சமையலறையை மாற்றிக் கொடுத்தேன். அதிலிருந்து ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர், கொளத்தூர் என்று பல இடங்களிலிருந்து கூப்பிடுகிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். அளவெல்லாம் அங்குலத்தில் இருக்கும், ஆசாரியும் கிரானைட் கடைக்காரரும் பேசுகிற கணக்கு அதுதான்.

ஏற்கெனவே மாடுலர் கிச்சன் போட்டிருக்கோம். மொத்தமா இடிக்கணுமா?

வேண்டாம். மாடுலர் என்றாலே பெட்டி பெட்டியாகக் கழற்றி மாட்டக்கூடியது. இரண்டு பெட்டியை எடுப்பது ஒரு நாள் வேலை. செலவும் தூசியும் வருவது கிரானைட்டை இறக்குவதில், சிங்க் குழாயை நகர்த்துவதில், கரண்ட் பாயிண்டை மாற்றுவதில்.

முழு மேடையையும் மாற்ற வேண்டியதும் இல்லை. சிங்க், காய் நறுக்கும் இடம், அடுப்பு இந்த மூன்றும் ஒரே வரிசையில், ஒரே மட்டத்தில், ஆறேழு அடிக்குள் வந்துவிட்டால் தினசரிச் சமையல் நடந்துவிடும். மீதி மேடை பழைய உயரத்திலேயே இருக்கட்டும்.

மேடை எவ்வளவு உயரம் வைக்கணும்? ஒரு அளவு சொல்லுங்க, ஆசாரிகிட்ட சொல்லிடறேன்.

வழக்கமான மேடை 32 முதல் 34 அங்குலம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பெரும்பாலும் 29 முதல் 31 அங்குலத்துக்குள் அமையும். ஆனால் அந்த நம்பரை மட்டும் ஆசாரியிடம் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அக்காவுக்கு நான் முதலில் செய்த தப்பு அதுதான். 29 அங்குலம் என்று எங்கோ படித்ததை அப்படியே போட்டுவிட்டேன். அவள் நாற்காலியின் கைப்பிடி 29½ அங்குலம். அது மேடை விளிம்பில் போய் முட்டிக்கொண்டது. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, கையை நீட்டி நீட்டி வெங்காயம் நறுக்கினாள். பத்தே நாளில் தோள்பட்டை வலி வந்துவிட்டது. கிரானைட்டை மறுபடி கழற்றினேன்.

அதனால் அளவு டேப்பைச் சுவரில் வைப்பதற்கு முன்னால் ஆள் மேல் வையுங்கள். அவர் தினமும் உட்காரும் நாற்காலியில், அதே மெத்தையோடு, அதே செருப்போடு உட்காரச் சொல்லுங்கள். தரையிலிருந்து தொடையின் மேல்பக்கம், தரையிலிருந்து நாற்காலிக் கைப்பிடி, தரையிலிருந்து மடக்கிய முழங்கை, இந்த மூன்றையும் எடுங்கள். மேடையின் அடிப்பாகம் தொடைக்கு மேல் இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். மேல்பரப்பு முழங்கை மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும், இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்ந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். கைப்பிடி இடித்தால், கழற்றக்கூடிய கைப்பிடியோ முன்பக்கம் குட்டையான கைப்பிடியோ உள்ள நாற்காலிக்கு மாற முடியுமா என்று பாருங்கள்.

கிரானைட் வெட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டு மேசையைச் செங்கல் வைத்து அந்த உயரத்துக்கு ஏற்றி, அவரை அரை மணி நேரம் காய் நறுக்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான வழி இல்லை.

மேடைக்குக் கீழ இருக்கிற கப்போர்டை எடுத்துட்டாப் போதுமா?

கால் உள்ளே போக வேண்டிய இடத்தில் ஷட்டர் (பெட்டியின் கதவு), பெட்டி, அடியில் இருக்கும் ஸ்கர்ட்டிங் பலகை மூன்றையும் எடுக்க வேண்டும். அகலம் குறைந்தது 30 அங்குலம், 36 கிடைத்தால் நல்லது. உயரம் 27 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. முழங்கால் 19 அங்குலமாவது உள்ளே போக வேண்டும். பெட்டி இருக்கும் மற்ற இடங்களில் ஸ்கர்ட்டிங் வழக்கமாக 4 அங்குலம்தான் இருக்கும். அதை 9 அங்குலமாக உயர்த்தி 6 அங்குலம் உள்ளே தள்ளினால் நாற்காலியின் கால்தட்டு இடிக்காமல் ஒட்டி வர முடியும்.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்து வீடுகளில் கிரானைட்டைத் தாங்குவது பெரும்பாலும் மாடுலர் பெட்டி இல்லை, செங்குத்தாக நிற்கும் கடப்பா கல். கால் இடத்துக்கு நடுவில் கடப்பா நின்றால் 'இதையும் எடுத்துடுப்பா' என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் சுவரில் இரும்பு எல் ஆங்கிள் அடித்து, முன்பக்கம் ஒரு சதுரக் குழாய் கொடுத்து, பாரம் அதில் இறங்கிய பிறகுதான் கல்லை எடுக்க வேண்டும். அந்தக் கால் இடத்தில் உட்காரப் போவது தாங்குகிற கல் நகர்ந்தால் எழுந்து ஓட முடியாதவர்.

எங்க கிச்சன் ஆறடிக்கு ஏழடிதான். உள்ள வீல் சேர் திரும்பவே திரும்பாதே?

சக்கர நாற்காலி முழுதாகச் சுற்றித் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். மத்திய அரசு 2021இல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டுதலும் 1500 மில்லிமீட்டர் என்றே சொல்கிறது. வடசென்னை வீடுகளில் அந்த வட்டம் கிடைப்பது அபூர்வம். ஆனாலும் கைவிட வேண்டாம். முன் சொன்ன கால் இடமும் திரும்பும் இடத்தில் சேர்த்திதான். கால்தட்டு மேடைக்கு அடியில் சுழன்று போகும். ஒரு மூலையில் மேடைக்கு அடியில் நாலடி அகலத்துக்குக் காலியாக விட்டால், ஏழடி அறையிலும் பாதித் திருப்பம் கிடைக்கும். அதுவும் முடியாவிட்டால் நேராக உள்ளே போய் நேராகப் பின்வாங்குவது போல வைத்துக்கொள்ளலாம், அப்போது வாசலுக்கு வெளியே திரும்ப இடம் வேண்டும்.

வாசல்தான் பல வீடுகளில் முதல் தடை. இரண்டரை அடி நிலையில் கதவையும் கணக்குப் பார்த்தால் 27 அங்குலம் மிஞ்சும். நாற்காலியே 25, 26 அங்குலம், விரல் எங்கே போகும்? சமையலறைக் கதவைக் கழற்றிவிடுங்கள், ஒன்றரை அங்குலம் அங்கேயே கிடைக்கும். படி இருந்தால் சிமெண்டால் சரிவு போடுங்கள். ஒரு அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் கணக்கு.

குடியிருப்பு வாரிய வீடுகளிலும் பழைய ஓட்டு வீடுகளிலும் சுவரை உடைத்து அகலப்படுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுப் பாரமும் அதே சுவரில் இருக்கலாம். அப்படிப்பட்ட வீடுகளில், ஹாலின் ஒரு ஓரத்தில் நாலடி மேடை போட்டு அங்கே இன்டக்‌ஷன் அடுப்பை வைப்பது நல்லது. ஒதுக்குப்புறத்தில் தனியாக நின்ற சமையல் வீட்டு நடுவுக்கு வந்துவிடுவதால் நிறையப் பேருக்குப் பிடித்தும் இருக்கிறது.

சிங்க்கை மாத்தணுமா?

பெரும்பாலும் மாற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் சிங்க் எட்டு ஒன்பது அங்குல ஆழம். அதற்குக் கீழே முழங்கால் போகாது. 5, 6 அங்குல ஆழத்தில், தண்ணீர் போகும் ஓட்டை பின்மூலையில் இருப்பதாக வாங்குங்கள். குழாயைச் சுவரோடு ஒட்டிக் கொண்டுபோகச் சொல்லி பிளம்பரிடம் வற்புறுத்துங்கள். நேராகக் கீழே இறக்குவதுதான் அவருக்குப் பழக்கம். டேப் லீவர் வகையாக, சிங்க்கின் பக்கவாட்டில் இருக்கட்டும். பின்னால் இருந்தால் எட்டாது. வெந்நீர் வரும் குழாய் என்றால் அதன் மேல் ஃபோம் உறை போட வேண்டும், காரணத்தைக் கால் உணர்ச்சி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அடுப்பு கேஸ்ல வெச்சுக்கலாமா, இன்டக்‌ஷன்தான் போடணுமா?

இரண்டும் செய்யலாம். பார்க்க வேண்டியது உயரம். மேடை 30 அங்குலம், அதன் மேல் அடுப்பு நாலைந்து அங்குலம், அதற்கு மேல் குக்கர் எட்டு அங்குலம். கூட்டிப் பாருங்கள், 43 அங்குலம் ஆகிறது. உட்கார்ந்திருப்பவருக்குக் குக்கரின் வாய் கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே வந்துவிடும். உள்ளே என்ன வேகிறது என்றும் தெரியாது, ஆவியும் முகத்தில் அடிக்கும். இதைத் தவிர்க்க அடுப்பு இருக்கும் இரண்டரை அடி நீள மேடையை மட்டும் நாலு அங்குலம் தாழ்த்தலாம், அங்கே கால் உள்ளே போகாது, பக்கவாட்டில் நிறுத்திச் சமைக்க வேண்டும். அல்லது ஹாப் எனப்படும், மேடையோடு பதிந்த அடுப்பைப் போடலாம். இன்டக்‌ஷன் இரண்டரை அங்குல உயரம்தான், நெருப்பும் இல்லை, துணி பற்றாது. கையில் பலம் குறைந்தவர்களுக்கும் மறதி உள்ளவர்களுக்கும் நான் அதையே சொல்கிறேன். அதற்கு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தனியாக வேண்டும்.

கேஸ்தான் என்றால் இரண்டு பர்னர் பக்கத்தில் பக்கத்தில், திருகு முன்பக்கம். நாலு பர்னர் அடுப்பில் பின் பர்னருக்குக் கை போக வேண்டுமானால் முன் பர்னர் நெருப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். வாங்காதீர்கள். அடுப்பின் பக்கத்தில் ஒன்றரை அடி மேடை காலியாக இருக்கட்டும், கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்காமல் நகர்த்தி வைக்க. சோறு வடிப்பதை விட்டுவிடுங்கள், உட்கார்ந்தபடி கஞ்சி வடிப்பது மடியில் கொட்டிக்கொள்வதற்கான வழி. குக்கரிலோ எலக்ட்ரிக் குக்கரிலோ அளவுத் தண்ணீர் வைத்துவிடலாம்.

சிலிண்டரை எங்க வைக்கிறது? மேடைக்கடியிலதானே வெச்சிருந்தோம்?

கால் இடத்தில் வேண்டாம். மேடையின் கடைசியில், பக்கவாட்டிலிருந்து ரெகுலேட்டருக்குக் கை எட்டும்படி, சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிறுத்துங்கள். 14.2 கிலோ கேஸ் என்றாலும் சிலிண்டரின் எடையோடு முப்பது கிலோவுக்குப் பக்கத்தில் வரும், அவர் நகர்த்த முடியாது. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் மூடிய பெட்டிக்குள் வைப்பதானால் ஷட்டரின் அடியில் காற்றுத் துளை கட்டாயம். ரப்பர் ட்யூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கசிவு என்றால் கூப்பிட வேண்டிய 1906 என்ற எண்ணை, உட்கார்ந்தால் கண்ணில் படும் உயரத்தில் எழுதி ஒட்டுங்கள்.

மேல இருக்கிற கப்போர்டெல்லாம் வீண்தானா?

உட்கார்ந்த கை வசதியாக எட்டுவது தரையிலிருந்து 15 அங்குலம் முதல் 48 அங்குலம் வரை. மேடைக்குக் குறுக்கே எட்டி எடுக்க வேண்டுமென்றால் இன்னும் குறையும். தினமும் எடுக்கும் அரிசி, பருப்பு, உப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் எல்லாம் இந்த எல்லைக்குள் வந்துவிட வேண்டும். மேல் கப்போர்டில் கீழே இழுத்தால் இறங்கி வரும் கூடைகள் இருக்கின்றன. நன்றாகவே வேலை செய்யும், ஆனால் விலை அதிகம், இறக்குவதற்கும் கொஞ்சம் கைபலம் வேண்டும். அந்தக் காசில் கீழே மூன்று டிராயர் போடலாம் என்பது என் அபிப்பிராயம். லாஃப்ட் விருந்துப் பாத்திரத்துக்கு, அதை எடுக்க வேறு ஆள் இருப்பார்.

டிராயரா, ஷட்டரா?

டிராயர். முழுதாக வெளியே வரும் சேனல் (டிராயர் ஓடும் தண்டவாளம்) போட்டு. ஷட்டரைத் திறக்க நாற்காலியைப் பின்னால் தள்ள வேண்டும், அப்புறம் குனிந்து உள்ளே தேட வேண்டும். கைப்பிடி நாலு விரல் நுழையும் டி வடிவத்தில் இருக்கட்டும். தள்ளினால் திறக்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள், கால்தட்டு பட்டாலே திறந்துகொள்ளும்.

தண்ணி கேன், குடமெல்லாம் கீழதான் இருக்கு. அதுக்கு என்ன பண்றது?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, ஆனால் நம் பக்கத்தில் இது பெரிய விஷயம். லாரித் தண்ணீரோ மெட்ரோ வாட்டரோ பிடித்து வைத்த ஆறேழு பிளாஸ்டிக் குடங்கள் சமையலறைத் தரையில் வரிசையாக நிற்கும். திரும்புவதற்காக இவ்வளவு பாடுபட்டு ஒதுக்கிய இடத்தை அவை பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் சக்கரமும் வழுக்கும்.

டேப் வைத்த ஒரு டிரம்மை வேறொருவர் நிரப்பி வைக்கும் உயரத்தில், டேப் சிங்க் விளிம்புக்கு மேலே வரும்படி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பாத்திரத்தை சிங்க்கிலேயே வைத்துப் பிடித்து, மேடை வழியாக அடுப்புக்கு நகர்த்தலாம். 20 லிட்டர் கேன் என்றால் மேலே செருகும் சின்ன சார்ஜ் பம்ப் கிடைக்கிறது. பட்டனை அழுத்தினால் தண்ணீர் வரும், கேன் தரையிலேயே ஓரமாக இருக்கலாம்.

எங்க வீடு காசிமேடு. ரெண்டு வருஷத்துல எல்லாம் துருப்பிடிச்சுப் போகுதே?

கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று முதலில் தின்பது சேனலையும் கீலையும்தான். நடக்கிறவருக்கு டிராயர் சிக்கினால் ஒரு இழு இழுப்பார். உட்கார்ந்திருப்பவர் இழுத்தால் நாற்காலிதான் முன்னால் வரும். அதனால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்: 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 202 கிரேடும் பார்க்கப் பளபளவென்று ஒன்றுபோலத்தான் இருக்கும், பில்லில் கிரேடை எழுதி வாங்குங்கள்.

மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும் தெருக்களில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பார்த்தோமே, அங்கெல்லாம் கீழ்ப் பெட்டிகளுக்கு பிவிசி பலகையோ ஸ்டீலோ நல்லது. பிளைவுட்தான் என்றால், தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்கி, வெட்டிய ஓரங்களையும் பூசி மூடச் சொல்லுங்கள். பிளக் பாயிண்டைக் கீழே இறக்க வேண்டாம், மேடையின் முன்விளிம்புக்கு அருகே பக்கச் சுவரில் வைத்தால் கையும் எட்டும், தண்ணீருக்கும் தூரம்.

எங்க அம்மாவுக்கு வீல் சேர் இல்ல. முட்டி வலி, நிக்க முடியல. இதே மாத்தம் வேணுமா?

அவ்வளவு வேண்டாம். முதுகு சாயும் உயரமான ஸ்டூல் ஒன்று, கால் வைக்கக் கம்பி உள்ளது, சக்கரம் இல்லாதது. அதில் உட்கார்ந்தால் பழைய மேடை உயரமே ஒத்துவரும், முழங்கால் நுழைய ஒரு பெட்டியின் ஷட்டரை மட்டும் கழற்றினால் போதும். மேடை ஓரமாகப் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கம்பி அடித்துக் கொடுங்கள். அதைச் செங்கல் சுவரில் அடிக்க வேண்டும், பலகையில் அடித்தால் பாரம் விழும்போது கையோடு வந்துவிடும்.

பக்கவாதம் வந்து ஒரு கை மட்டும் வேலை செய்கிறவருக்கு, நறுக்கும் பலகையில் இரண்டு துரு ஏறாத ஆணி மேல்நோக்கி அடித்து, உருளைக்கிழங்கைக் குத்தி நிறுத்தி ஒரு கையால் நறுக்கலாம். பலகை நகராமல் அடியில் ஈரத்துணி. எல்லாப் பொருளும் வேலை செய்யும் கை பக்கம் இருக்கட்டும்.

என் தம்பிக்கு போலியோ. வீல் சேர்ல உட்கார மாட்டான், தரையிலயே நகர்ந்து போவான். அவனுக்கு?

அவருக்கு மேடையைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். 10 முதல் 14 அங்குல உயரத்தில் ஒரு தாழ்வான மேடை, பக்கத்தில் அதே மட்டத்தில் சிங்க், சுற்றிலும் நகர இடம். அம்மாக்கள் அரிவாள்மணையோடு தரையில் உட்கார்ந்து செய்த சமையல்தான், புதிதாக ஒன்றும் இல்லை.

இங்கே கேஸ் மட்டும் வேண்டாம். அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சிலிண்டர் இரண்டடி உயரம், இவருடைய அடுப்போ ஓரடியில். மேலே சொன்னபடி கசியும் கேஸ் தரையில்தான் தேங்கும், அங்கேதான் இவர் உட்கார்ந்திருப்பார். இன்டக்‌ஷன் வையுங்கள். தரை சொரசொரப்பாக இருந்தால் கையும் தொடையும் புண்ணாகும், வழவழப்பாக இருந்தால் வழுக்கும். மேட் ஃபினிஷ் டைல்ஸ் சரியாக இருக்கும். தண்ணீர் இவர் பக்கம் ஓடி வராதபடி சரிவைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. தனியா அடுப்புப் பக்கம் விடலாமா?

விடலாம். ஆபத்து எங்கே என்று தெரிந்துகொண்டு விடுங்கள். சூடு பட்டால் நாம் துள்ளிக் காலை எடுத்துவிடுவோம். அவருக்குத் தெரியாது. வெந்நீர்க் குழாயில் முழங்கால் ஒட்டியிருந்தாலும், ஹாப்பின் அடிப்பாகம் தொடையில் பட்டாலும், புண்ணான பிறகுதான் பார்ப்பார், அது ஆறவும் நாளாகும். குழாய்க்கு உறை, ஹாப்புக்கு அடியில் தடுப்புப் பலகை, மடியில் தடித்த ஏப்ரன். சூடான எதையும் மடியில் வைத்துக் கொண்டுபோகக் கூடாது என்பதை வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும். என் அக்கா பல நாள் டம்ளர் காபியைத் தொடை இடுக்கில் வைத்துக் கொண்டுவந்தாள். இப்போது நாற்காலியில் மாட்டும் ஒரு சின்ன தட்டு இருக்கிறது.

வாடகை வீடு. ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார்.

சரியான உயரத்தில் கனமான இரும்புக் கால் மேசை ஒன்று, அதன் மேல் இன்டக்‌ஷன், பக்கத்தில் பாத்திரம் கழுவ ஒரு தட்டையான டப். ஓனர் சம்மதித்தால் சிங்க்குக்குக் கீழ் இருக்கும் ஷட்டரைக் கழற்றி, கீலோடு பத்திரமாகக் கட்டி லாஃப்டில் வையுங்கள், காலி செய்யும்போது மாட்டிக் கொடுத்துவிடலாம்.

நாங்கதான் சமைச்சுப் போடறோமே, அவங்க எதுக்குக் கஷ்டப்படணும்?

பாசத்தோடு கேட்கிறார்கள், புரிகிறது. ஆனால் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்று அவரே சொன்னால் விட்டுவிடலாம். அக்கா அடிபட்ட பிறகு ஒன்றரை வருஷம் நாங்கள் கொடுத்ததைச் சாப்பிட்டாள். உப்பு கம்மி என்றுகூடச் சொல்லவில்லை. மேடை சரியான அன்று வஞ்சிரம் வாங்கி வரச் சொல்லி, மசாலாவைத் தானே அரைத்துத் தடவினாள். என் பிள்ளைகளைக் கூப்பிட்டு, 'காரம் போதுமாடா?' என்று கேட்டாள். மற்றவர்களைக் கேட்கும் இடத்தில் அவள் மறுபடி உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

யார்கிட்ட காட்டி அளவு எடுக்கறது? ஆசாரிக்கு இதெல்லாம் தெரியாதே.

உடல் நிலையைப் பார்த்துச் சொல்ல ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறார்கள். கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. மெரினா எதிரே காமராஜர் சாலையில் உள்ள மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸில் மாற்றுத்திறனாளிகளுக்கான உபகரணங்களைத் தொட்டுப் பார்க்கலாம். அவரையே கூட்டிப் போங்கள். தெரபிஸ்ட் சொன்ன அளவை ஒரு தாளில் எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டால் ஆசாரி அதன்படி செய்துவிடுவார்.

வேலை சரியா முடிஞ்சிருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

அவரை டீ போடச் சொல்லுங்கள். நீங்கள் எல்லோரும் ஹாலில் இருங்கள். பால் எடுப்பது, தண்ணீர் பிடிப்பது, அடுப்பைப் பற்றவைப்பது, டீத்தூள் டப்பா, சர்க்கரை, வடிகட்டி, டம்ளர், கடைசியில் பாத்திரம் கழுவுவது வரை அவரே செய்யட்டும். எந்த இடத்திலெல்லாம் உங்களைக் கூப்பிட்டார், எங்கெல்லாம் கை எட்டாமல் கரண்டியால் இழுத்தார், எங்கெல்லாம் நாற்காலி இடித்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடங்களைச் சரிசெய்த பிறகு ஆசாரிக்குப் பாக்கித் தொகையைக் கொடுங்கள்.